கனத்த பாதம்

கண் மருத்துவமனையில் நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிரே மாட்டியிருக்கும் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். உச்சியில் ஒற்றை எழுத்து. பெரும்பாலும் அது ஆங்கில ‘ஈ’. அதைப் படிக்கச் சிரமமே இல்லை என்பதால் யாரும் அதை நின்று பார்ப்பதில்லை. கண் உடனே கீழ் வரிகளுக்கு ஓடிவிடும். பழைய பாணிப் பலகையாக இருந்தால் அடுத்த முறை அந்த ஈயைக் கவனித்துப் பாருங்கள். அதன் கோடுகள் முடிகிற இடங்களில் சதுரக் கட்டைகள் ஒட்டியிருக்கும். கோடு எவ்வளவு தடிமனோ, கட்டையும் அவ்வளவே தடிமன்.

எழுத்தின் கோடு முடியும் இடத்தில் வெளியே நீளும் சிறு பாதத்தைச் செரிஃப் என்பார்கள். ரோமானியர் கல்லில் வெட்டிய எழுத்துகளிலேயே அது உண்டு. டைம்ஸ் ரோமன் போன்ற புத்தக எழுத்துகளில் அந்தப் பாதம் மெலிந்து கூர்மையாக முடியும். கண் பலகையின் ஈக்கு இருப்பது வேறு வகைப் பாதம். சாக்கடையை மூடப் போடுவதையும் சமையல் மேடைக்கு இடும் கடப்பாக்கல்லையும் நம் மேஸ்திரிகள் ‘ஸ்லாப்’ என்கிறார்களே, அதே சொல்தான் இங்கும்: ஸ்லாப் செரிஃப். தட்டையாக, கனமாக, வெட்டினாற்போல் முடியும் பாதம்.

இருநூறு ஆண்டுகளாக இந்த எழுத்து சுவரொட்டி, அகராதி, செய்தித்தாள், தட்டச்சு இயந்திரம், மின்னூல் கருவி என்று இடம் மாறி மாறி வாழ்ந்து வருகிறது. இத்தனை இடங்களுக்கும் அதை இழுத்துச் சென்ற காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு காலத்திலும் ஒரு தாளோ, இயந்திரமோ, தூரமோ எழுத்தின் மெல்லிய பகுதியை விழுங்கிவிட்டது. அப்போதெல்லாம் எழுத்தைத் தாங்கிப் பிடிக்க இந்தக் கனத்த பாதம் தேவைப்பட்டது.

லண்டன் சுவர்களில்

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய அச்செழுத்து மெலிவின் உச்சத்தைத் தொட்டிருந்தது. பார்மா நகரில் போடோனியும் பாரிஸில் டிடோ குடும்பத்தினரும் வார்த்த எழுத்துகளில் நிற்கும் கோடு தடித்திருக்கும். படுக்கைக் கோடும் பாதமும் தலைமயிர் அளவே இருக்கும். வழவழப்பான தாளில், நல்ல மையில், கைதேர்ந்த அச்சர் அடித்த புத்தகத்தில் அதைப் பார்ப்பது ஓர் இன்பம். ஆனால் அந்த எழுத்தின் உலகம் வாசகரின் கையிலிருந்து ஒரு முழத் தூரம் மட்டுமே.

அடுத்த தலைமுறையில் எழுத்து வீதிக்கு வந்தது. தொழிற்புரட்சியின் லண்டனில் விற்பதற்குப் பொருள்கள் குவிந்தன, விளம்பரம் பெருகியது. குறிப்பாக அரசு லாட்டரி. 1826இல் நிறுத்தப்படும்வரை அதன் சீட்டுகளை விற்க ஒப்பந்தக்காரர்கள் நகரத்துச் சுவர்களைத் தாளால் மூடினார்கள். நடந்து போகிறவர், வண்டியில் போகிறவர், தெருவின் மறுபக்கத்தில் நிற்பவர் என எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். புத்தக எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். போதவில்லை. நிற்கும் கோடுகளை மட்டும் வீங்கவைத்துப் பார்த்தார்கள். ராபர்ட் தார்ன் என்ற எழுத்து வார்ப்பாளரின் பேர் சொல்லும் அந்தக் கொழுத்த எழுத்துகள் கருப்பாகப் பளிச்சென்று தெரிந்தன. ஆனால் அவற்றின் படுக்கைக் கோடுகள் அப்போதும் தலைமயிர்தான். மட்டமான தாளில், அவசரமாக அடித்த சுவரொட்டியில், தூரத்திலிருந்து பார்த்தால் அந்த மயிரிழைகள் மறைந்துவிடும். மிஞ்சுவது தனித்தனிக் கருந்தூண்கள்.

வின்சென்ட் ஃபிக்கின்ஸ் என்ற வார்ப்பாளர் மெல்லிய கோடுகளையே எடுத்துவிட்டார். 1815 என்று தேதியிட்ட அவருடைய மாதிரிப் புத்தகத்தில் ‘ஆன்டிக்’ என்ற பெயரில் வெறும் பெரிய எழுத்துகள் கொண்ட ஒரு வரிசை வருகிறது. அதில் படுக்கைக் கோடும் பாதமும் நிற்கும் கோட்டுக்கு நிகரான தடிமன். இழப்பதற்கு மெல்லிய பகுதி என்று எதுவுமே இல்லை. நமக்குத் தெரிந்தவரை அச்சில் வந்த முதல் ஸ்லாப் செரிஃப் அதுதான்.

‘எஜிப்ஷியன்’ என்ற பெயர்தான் பின்னால் பரவலாக ஒட்டிக்கொண்டது. நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பு 1798இல் நடந்தது. ரொசெட்டா கல் 1802இல் லண்டன் வந்து சேர்ந்தது. அந்தக் காலத்து லண்டனுக்கு எகிப்து என்றால் பித்து. கட்டடம், நாற்காலி, நகை என்று எல்லாவற்றிலும் எகிப்திய பாணி தேடினார்கள். கற்பாளம் அடுக்கிய கோயில்போல நிற்கும் எழுத்துக்கும் அந்தப் பெயர் பொருந்திப்போனது. தார்ன் தன் கடைசி ஆண்டுகளில் இப்படிப்பட்ட எழுத்துகளைச் செதுக்கினார். 1820இல் அவர் இறந்ததும் அவருடைய ஃபேன் வீதி வார்ப்பகம் ஏலத்துக்கு வந்தது. அதை வாங்கிய வில்லியம் தரோகுட்டுக்கு அச்சுத் தொழிலில் முன் அனுபவம் கிடையாது. லாட்டரியில் விழுந்த பணத்தைக் கொண்டு வாங்கினார் என்று அச்சு வரலாற்றில் சொல்லி வருகிறார்கள். லாட்டரிச் சுவரொட்டிகள் வளர்த்த எழுத்துக்கு அது ஒருவகையில் பொருத்தமான விதி.

ஈயத்திலிருந்து மரத்துக்கு

சுவரொட்டி எழுத்து பெரிதாகப் பெரிதாக ஈயத்துக்கு அது தாங்கவில்லை. சாண் உயர எழுத்தை உலோகத்தில் வார்த்தால் விலை அதிகம், தூக்கவும் முடியாது. வார்த்தது ஆறும்போது சீராகச் சுருங்காமல் முகம் குழிந்துவிடும்; குழிந்த இடத்தில் மை படாது. 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்ற அச்சுக்காரர், சுழலும் வெட்டுமுனை கொண்ட இயந்திரத்தால் மர எழுத்துகளைக் கூட்டம் கூட்டமாகச் செய்யத் தொடங்கினார். 1834இல் வில்லியம் லெவன்வொர்த் அதோடு பான்டோகிராஃபைச் சேர்த்தார். அது ஓர் இணைகோட்டுச் சட்டம். ஒரு முனை மாதிரி வடிவத்தின் ஓரத்தைத் தடவிப் போக, மறு முனை அதே வடிவத்தை வேண்டிய அளவில் மரத்தில் வெட்டும். ஒரே மாதிரியிலிருந்து சின்னதும் பெரியதும், ஒல்லியும் அகலமுமாக எழுத்துகள் பிறந்தன.

பலகையின் பக்கவாட்டில் எழுத்தை வெட்டினால் நார் பிரிந்துவிடும். அதனால் மேப்பிள் போன்ற இறுகிய மரத்தைக் குறுக்கே அறுத்து, கசாப்புக் கட்டைபோல நாரின் நுனிகள் மேலே பார்க்கும்படி வைத்து, அந்த முகத்தில் வெட்டினார்கள். அப்படியும் மயிரிழைக் கோடு மரத்தில் நிற்காது. அச்சு அழுத்தம் பட்டு ஒடியும். நூறு முறை கழுவித் துடைத்தால் தேயும். தடித்த பாதம் நின்றது. அமெரிக்காவின் நாடகச் சுவரொட்டிகளும் சர்க்கஸ் விளம்பரங்களும் இந்த எழுத்தை இழுத்து, நெருக்கி, பாதத்தை மட்டும் இன்னும் பருக்கவைத்துக்கொண்டே போயின. கௌபாய் படம் என்றதும் நம் மனதில் வரும் அந்த எழுத்து, மரமும் வெட்டுமுனையும் சேர்ந்து விட்டுச்சென்ற சொத்து.

வரிக்குள் நுழைந்த கருப்பு

தெருவில் கத்திக்கொண்டிருந்த எழுத்தைப் புத்தகத்துக்குள் மெதுவாகப் பேசவைத்தவர், அதே ஃபேன் வீதி வார்ப்பகத்தின் பங்குதாரர் ராபர்ட் பெஸ்லி. 1845இல் அவர் வெளியிட்ட ‘கிளாரண்டன்’ எழுத்தைச் செதுக்கியவர் பெஞ்சமின் ஃபாக்ஸ். அதில் பாதம் தடித்ததுதான். ஆனால் தூணும் பாதமும் சேருமிடத்தில் ஒரு சிறு வளைவு. தூண் உத்தரத்தைச் சந்திக்கும் இடத்தில் தச்சர்கள் வைக்கும் போதிகைபோல. எழுத்து அதனால் விறைப்பு தளர்ந்து, சாதாரண எழுத்தோடு ஒரே வரியில் இயல்பாக உட்கார்ந்தது.

இன்று கணினியில் ஒரு பொத்தானைத் தட்டி ஒரு சொல்லைத் தடிமனாக்குகிறோம். 1845க்கு முன் அந்த வசதிக்கு ஓர் எழுத்து இல்லை. ஒரு சொல்லைத் தனித்துக் காட்ட வேண்டுமென்றால் சாய்வெழுத்து போடுவார்கள், இல்லையென்றால் பழைய கோதிக் எழுத்தைச் செருகுவார்கள். அகராதியில் தலைச்சொல்லையும் கால அட்டவணையில் ஊர்ப் பெயரையும் கண் பாய்ந்து பிடிக்கும்படி, பக்கத்து எழுத்தோடு இணங்கி நிற்கும் கருப்பைத் தந்தது கிளாரண்டன்தான். பெஸ்லி அதைப் புதிய வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்தார். பாதுகாப்பு 3 ஆண்டுகள். அது முடிந்ததுமே மற்ற வார்ப்பகங்கள் நகலெடுத்துக் குவித்துவிட்டன. பிற்பாடு பெஸ்லி லண்டன் மாநகரத்தின் மேயராகவும் ஆனார்.

ஸ்னெல்லனின் ஐந்து கட்டம்

இப்போது கண் பலகைக்குத் திரும்பலாம். 1862இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற கண் மருத்துவர் பார்வையை அளக்க ஓர் எழுத்துப் பலகை வெளியிட்டார். நல்ல கண் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியே பிரித்தறிய அவற்றுக்கிடையே வேண்டிய கோணம், ஏறத்தாழ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. இதை அவர் அடிப்படை அளவாக வைத்துக்கொண்டார். ஒவ்வொரு எழுத்தையும் ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் வரைந்தார். கோட்டின் தடிமன் ஒரு கட்டம், இடைவெளி ஒரு கட்டம், பாதமும் ஒரு கட்டம்.

சரியான பார்வை உள்ளவர் 6 மீட்டரிலிருந்து படிக்கவேண்டிய வரியில் எழுத்தின் உயரம் சுமார் 8.7 மில்லிமீட்டர். ஈயின் கைகளுக்கு நடுவே உள்ள வெள்ளை இடைவெளி அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1.7 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அளப்பதற்குக் கோடெல்லாம் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். தடித்தும் மெலிந்தும் போகும் புத்தக எழுத்தால் எதை அளக்கிறோம் என்றே தெரியாது. எஜிப்ஷியன் எழுத்தின் சமத் தடிமன் அங்கே அளவுகோலாகிவிட்டது.

ஸ்னெல்லனின் கட்டம் எழுத்து வடிவமைப்பாளருக்கும் ஒரு பாடம் சொல்கிறது. ஈயின் உயரத்தில் மூன்று கைகள், நடுவே இரண்டு இடைவெளிகள், ஐந்தும் சமம். இப்போது எழுத்தின் உயரத்தை மாற்றாமல் கைகளை மட்டும் 30 சதவீதம் தடிமனாக்குங்கள். மூன்று கைகளும் சேர்ந்து 3.9 கட்டத்தை எடுத்துக்கொள்ளும். மீதி 1.1 கட்டத்தை இரண்டு இடைவெளிகள் பங்குபோட வேண்டும், ஆளுக்கு 0.55. கருப்பு மூன்றில் ஒரு பங்குகூடக் கூடவில்லை, வெள்ளை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. 30 மீட்டர் தூரத்தில் கண் பிரித்தறியும் இடைவெளியே சுமார் 9 மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே போனால் ஈ ஒரு கருப்புச் சதுரமாகிவிடும். தடித்த எழுத்தை வரைவது என்பது வெள்ளையைக் காப்பாற்றும் வேலை.

தடித்த எழுத்தை வரைதல்

அந்த வேலையில் கைவந்தவர்கள் செய்யும் சமாளிப்புகள் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும். நிற்கும் கோட்டையும் படுக்கைக் கோட்டையும் அளவுகோல் வைத்துச் சமமாக வரைந்தால் படுக்கைக் கோடு தடித்துத் தெரியும். நம் கண்ணின் பழக்கம் அது. அதனால் ‘எல்லாம் ஒரே தடிமன்’ என்று தோன்றும் எழுத்தில் படுக்கைக் கோடுகள் சற்று மெலிந்தே இருக்கும். வட்ட எழுத்துகள் மேலும் கீழும் கோட்டைச் சிறிது தாண்டும். தாண்டாவிட்டால் குட்டையாகத் தெரியும். வளைவு தூணோடு சேரும் மூலைகளில் கருப்பு தேங்கும் என்பதால் அங்கே கோட்டை ரகசியமாகக் குடைந்து மெலியவைப்பார்கள்.

பாதம் தரும் தொல்லை இன்னும் பெரிது. சின்ன ‘எம்’ எழுத்துக்கு மூன்று கால்கள். ஒவ்வொரு காலுக்கும் இருபுறமும் பாதம் வைத்தால் உள்ளே நான்கு பாதங்கள் ஒன்றையொன்று முட்டும். ஆகவே நடுக்கால் பாதத்தைக் குறுக்குவார்கள், அல்லது ஒருபுறம் வெட்டிவிடுவார்கள். சின்ன ‘ஏ’, ‘எஸ்’, ‘ஜி’ போன்ற அடுக்கு வளைவுள்ள எழுத்துகளில் ஒரே உயரத்துக்குள் மூன்று படுக்கைக் கோடுகளைத் திணிக்க வேண்டும். ஒரு தடித்த ஸ்லாப் செரிஃப் நன்றாக வரையப்பட்டதா என்று பார்க்க இந்த எழுத்துகளைப் பார்த்தாலே போதும். இதனால்தான் இந்த எழுத்து தலைப்புக்கும் பெயர்ப் பலகைக்கும் சரி. மிகத் தடித்த வகையில் ஒரு முழுப் பக்கத்தை அடித்தால் நாலு வரிக்குள் கண் களைத்துவிடும்.

ரிப்பனும் வேகமும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தித்தாள் அச்சு மெல்லிய கோட்டுக்கு எமனாக இருந்தது. கோத்த பக்கத்தைக் கூழ் அட்டையில் பதித்து, அதிலிருந்து வளைந்த ஈயத் தகடு வார்த்து, சுழல் இயந்திரத்தில் மாட்டி, மலிவான தாளில் அதிவேகமாக அடிப்பார்கள். ஒவ்வொரு படியிலும் எழுத்து கொஞ்சம் சிதையும். லினோடைப் நிறுவனம் 1925இல் ‘அயானிக் எண் 5’ என்ற எழுத்தைக் கொண்டுவந்தது. கிளாரண்டன் வழிவந்த பாதம், திறந்த வயிறு, அதிகம் வேறுபடாத கோடுகள். நாளிதழ்கள் அதை விரும்பி எடுத்துக்கொண்டன.

தட்டச்சு இயந்திரத்தின் சிக்கல் வேறு. 1874இல் ரெமிங்டன் விற்பனைக்கு விட்ட ஷோல்ஸ் கிளிடன் இயந்திரம் முதலே, எந்த எழுத்தை அடித்தாலும் உருளை ஒரே அளவுதான் நகரும். ஓர் அங்குலத்துக்குப் பத்து எழுத்து என்றால், குச்சிபோன்ற ‘ஐ’க்கும் அதே அகலம், பரந்த ‘டபிள்யூ’வுக்கும் அதே அகலம். ஐயின் இருபுறமும் காலியிடம் விழுந்து சொல் உடைந்து தெரியும். நீண்ட தட்டைப் பாதம் அந்தக் காலியிடத்தை நிரப்பியது. போதாததற்கு, எழுத்து துணி ரிப்பனை இடித்துத்தான் தாளில் பதிகிறது. மெல்லிய கோடு துணியின் இழைக்குள் தொலைந்துபோகும். ஆகவே சமத் தடிமன், கனத்த பாதம்.

நீதிமன்ற வாசல்களில் மரத்தடியில் மேசை போட்டு மனு அடித்தவர்களின் தாள்களிலும், லோயர், ஹையர் தேர்வுக்காக டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நாம் நிரப்பிய பக்கங்களிலும் இருந்தது இந்த எழுத்துதான். கோத்ரெஜ் 1955இல் இந்தியாவில் தட்டச்சு இயந்திரம் தயாரிக்கத் தொடங்கியபின் அது ஊர்தோறும் போனது. பெயர் தெரியாமலே லட்சக்கணக்கானோர் விரல்நுனியால் பழகிய ஸ்லாப் செரிஃப் அது.

அந்தக் குடும்பத்தில் மிகப் புகழ்பெற்ற ‘கூரியர்’, 1950களில் ஐபிஎம்மின் தட்டச்சு இயந்திரங்களுக்காக ஹோவர்ட் கெட்லர் வரைந்தது. அந்நிறுவனம் அதைத் தனக்கே உரியதாக்கிக் கொள்ளாததால் யாரும் பயன்படுத்தலாம் என்றாயிற்று. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஆவணங்களில் 2004 பிப்ரவரி வரை அதைத்தான் வைத்திருந்தது. ஹாலிவுட் திரைக்கதைகள் இன்றும் கூரியரில்தான் எழுதப்படுகின்றன. எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்பதால் ஒரு பக்கம் திரையில் சுமார் ஒரு நிமிடம் என்று கணக்குப் போட முடிகிறது.

கான்கிரீட் என்று பெயர்

1929 முதல் ஜெர்மானிய வார்ப்பகங்கள் இந்த எழுத்தைக் காம்பஸும் அளவுகோலும் கொண்டு மறுபடி வரைந்தன. ருடால்ஃப் வோல்ஃபின் ‘மெம்ஃபிஸ்’ பழைய எகிப்துப் பெயரைத் தொடர்ந்தது. கேயோர்க் ட்ரம்பின் ‘சிட்டி’ நேர்கோட்டுச் சட்டங்களால் ஆனது. ஹைன்ரிக் யோஸ்ட் தன் எழுத்துக்கு இட்ட பெயர் ‘பெட்டோன்’. ஜெர்மன் மொழியில் கான்கிரீட். 1934இல் இங்கிலாந்தின் மோனோடைப் ‘ராக்வெல்’ எழுத்தை வெளியிட்டது. இந்த எழுத்துகள் தொழிற்சாலைக் கூரையின் இரும்புச் சட்டத்தையும் புதுக் கட்டடங்களின் உத்தரத்தையும் நினைவூட்டின. ‘நாங்கள் பலமான பொருளைச் செய்கிறோம்’ என்று சொல்ல விரும்பிய நிறுவனங்கள் அவற்றைத் தேடிப் போயின.

1947 முதல் ஐபிஎம்மின் சின்னம் பெட்டோன் எழுத்தில் இருந்தது. 1956இல் பால் ராண்ட் அதை சிட்டியின் சாயலில் மாற்றினார். 1972இல் அதே எழுத்துகளை எட்டுக் கிடைக்கோடுகளாக வெட்டினார். மூன்று எழுத்துகளில் ‘ஐ’ ஒல்லி, ‘எம்’ அகலம். தட்டச்சில் ஐயைக் காப்பாற்றிய அதே நீண்ட பாதம் இங்கும் அதற்கு உடம்பு கொடுத்தது. கோடுகள் மூன்றையும் ஒன்றாகத் தைத்தன.

2007இல் அமேசானின் முதல் கிண்டில் வந்தபோது அதன் எழுத்து ‘சிசிலியா’. நெதர்லாந்துக்காரரான பீட்டர் மத்தியாஸ் நோர்ட்சேய் வரைந்து 1990இல் வெளியானது. பேனா எழுத்தின் நெகிழ்வும் ஸ்லாப் பாதமும் சேர்ந்த எழுத்து அது. அந்தக் கருவியின் திரையில் அங்குலத்துக்கு 167 புள்ளிகள், கருப்பிலிருந்து வெள்ளைவரை நாலே நிறப்படிகள். ஒரு புள்ளியைவிட மெலிந்த கோட்டை அந்தத் திரை சாம்பலாகக் கரைத்துவிடும். சிசிலியாவின் கோடுகள் கரையவில்லை. மட்டமான சுவரொட்டித் தாள், மரம், ரிப்பன் ஆகியவற்றுக்குக் கிடைத்த விடையே மின்மைத் திரைக்கும் கிடைத்தது.

நம் எழுத்தின் மயிரிழை

தமிழ் எழுத்துக்குப் பாதம் கிடையாது. அது எழுத்தாணியில் வளர்ந்த எழுத்து. ஆனால் கருவி எழுத்தை விழுங்கும் கதை நமக்கும் உண்டு. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். படிப்பவர்தான் மெய்யா உயிர்மெய்யா என்று இடம் பார்த்து அறிந்துகொள்ள வேண்டும். சுவடியிலிருந்து அச்சுக்கு வந்த பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டில் பெரும்பங்கு அந்தக் காணாமல் போன புள்ளிகளால் வந்தது.

புள்ளி இன்றும் தொலைகிறது. பேருந்து நெற்றியில் ஓடும் விளக்குப் பலகையில், தடிமனாக்கிய தலைப்பில், மலிவான பில் தாளில் அது தலைக்கோட்டோடு ஒட்டிக்கொள்கிறது. ணகரத்தின் சுழிகளுக்குள் வெள்ளை அடைபட்டுப் போகிறது. ஈயின் இடைவெளிக்குப் போட்ட அதே கணக்கு ‘ண’வுக்கும் பொருந்தும், அதற்கு அடைபடக்கூடிய சந்துகள் அதிகம் என்பதால் இன்னும் கடுமையாகப் பொருந்தும். ஃபிக்கின்ஸ் தன் எழுத்தில் எது அழிகிறது என்று பார்த்து அதற்குத் தடிமன் கொடுத்தார். தமிழுக்குத் தடித்த எழுத்து வரைகிறவர் முதலில் புள்ளியையும் சுழியையும் வரைந்து, பலகை தொங்கப்போகும் தூரத்தில் நின்று, அவை தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். தூண்களை அதற்குப் பிறகு தடிமனாக்கிக் கொள்ளலாம்.